மைனஸ் பதினாறு மணி நேரம்

எனக்குக் கேள்வி கேட்கத் தெரியாது என்று எழுத்து மூலமாகவே சான்று கொடுத்திருக்கிறார்கள். ஒரு தடவை கொடுத்தால் போதாதா? பத்தொன்பது தடவை கொடுத்தார்கள். கொடுத்தது தமிழ்த் தரவுத்தள வினா மன்றம். கம்ப்யூட்டரில் பதிவு செய்து வைத்திருக்கிற கணக்குகளில் சந்தேகம் வந்தால் இணையத்தில் போய்க் கேட்பதற்காக, விஷயம் தெரிந்தவர்கள் சேர்ந்து நடத்துகிற இடம். நல்ல நோக்கம்தான். நல்ல நோக்கத்தோடு ஆரம்பிக்கிற எதற்கும் நம் ஆட்கள் உடனே ஒரு தலைவரைப் போட்டுவிடுகிறார்களே, அங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது.

என் பெயர் அரசப்பன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், பாட்டில் மூடி செய்கிற ஒரு கம்பெனியில் டைம் ஆபீஸ் கிளார்க். வேலைக்கு வருகிறவர்கள் கேட்டில் விரல் வைப்பார்கள், போகும்போதும் விரல் வைப்பார்கள். அதைக் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்து யார் எத்தனை நாள் வந்தார் என்று லிஸ்ட் போடுவது என் வேலை. லிஸ்ட் எடுக்க ஒரு குவரி இருக்கிறது. குவரி என்றால் கம்ப்யூட்டரிடம் நாம் கேட்கிற கேள்வி, அவ்வளவுதான். அதை எழுதிக் கொடுத்த பையன் கனடாவுக்குப் போய்விட்டான். போகும்போது, "அங்கிள், இந்தப் பட்டனை அமுக்கினா போதும்" என்று சொல்லிவிட்டுப் போனான். நானும் மூன்று வருஷமாக அமுக்கிக்கொண்டிருந்தேன்.

அந்தத் திங்கட்கிழமை காலையில் எச்.ஆர். மேனேஜர் குப்புராஜ் என் மேஜைக்கு வந்தார்.

"அரசப்பா, போன வருஷம் இருநூத்தி நாப்பது நாளுக்கு மேல வந்த கான்ட்ராக்ட் ஆளுங்களைப் பர்மனென்ட் பண்ணணும்னு மேலேர்ந்து ஆர்டரு. சனிக்கிழமை பன்னெண்டு மணிக்குள்ள லிஸ்ட் போவணும். லிஸ்ட்ல இல்லாதவனுக்குத் திங்கட்கிழமையோட கேட் பாஸ் கட்டு."

பட்டனை அமுக்கினேன். கான்ட்ராக்ட் ஆட்களுக்குச் சம்பளம் கான்ட்ராக்டர் நோட்டுப்படி போகும், அவர்கள் கணக்கை நான் எடுப்பது இதுதான் முதல் தடவை. லிஸ்ட் வந்தது. நூற்று எண்பத்தாறு பேருக்கு நாள் கணக்கு சரியாக இருந்தது. முப்பத்தோரு பேருக்கு மட்டும் பூஜ்யம். வருஷம் பூராவும் ஒரு நாள்கூட வரவில்லையாம். அந்த முப்பத்தோரு பேரில் கன்னியம்மாவும் ஒருத்தி. நான் நிமிர்ந்து பார்த்தேன், கன்னியம்மா என் ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள்.

கவரைப்பேட்டையிலிருந்து வருகிறவள் அவள். பேக்கிங் செக்ஷன். இந்தக் கம்பெனிக்கு முன்னால் இரண்டு கம்பெனியில் காலையில் கேட்டிலேயே நிறுத்தி, 'நாளையிலிருந்து வேண்டாம்' என்று அனுப்பப்பட்டவள். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு மூன்றாவது தடவையும் அப்படித் திரும்பிப் போகக் கூடாது என்பதுதான் அவள் கவலை.

"இன்னாண்ணே, லிஸ்ட்ல என் பேரு வந்துக்கீதா?"

"பேர் இருக்கும்மா. நாள்தான் இல்ல."

"நாள் இல்லியா? அப்ப இத்தினி நாளா நான் எங்க போய்க்கினு இருந்தேன்?"

அன்று மத்தியானம் முதல் முறையாக மன்றத்தில் சேர்ந்து கேள்வியைப் போட்டேன்: "அட்டெண்டன்ஸ் வரலை. அவசரம். ஹெல்ப் பண்ணுங்க."

நான்கு விநாடியில் மூடிவிட்டார்கள். காரணம்: 'போதிய விவரம் இல்லை.'

ஒத்துக்கொள்கிறேன், தப்பு என்னுடையதுதான். டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்து, 'வலிக்குது' என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டால் அவர்தான் என்ன செய்வார்? மூடியவர் பெயர் கேள்விக்காவலர்-7. அவர் ஒரு கையேட்டையும் அனுப்பியிருந்தார். 'கேள்வி கேட்கும் முறைமை', அறுபத்து நான்கு பக்கம். எந்த வெர்ஷன், அட்டவணையின் அமைப்பு என்ன, மாதிரித் தரவு என்ன, எதிர்பார்க்கும் விடை என்ன, கிடைத்த விடை என்ன என்று எல்லாவற்றையும் சொல்ல வேண்டுமாம். நியாயம்தானே? வீட்டுக்குப் போகிற ரயிலில் நின்றுகொண்டே முழுவதும் படித்தேன். அறுபத்து நான்காம் பக்கத்தில் ஒரே ஒரு வரி இருந்தது: 'இதன் பிறகும் கேள்வி எஞ்சியிருந்தால் முதல் பக்கத்திலிருந்து மீண்டும் படிக்கவும்.'

செவ்வாய்க்கிழமை எனக்குத் தெரிந்த முறையில் விவரமாக எழுதினேன். தாலுகா ஆபீசுக்கு எத்தனை மனு எழுதியிருக்கிறேன்! அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை எல்லாம் வரிசையாகப் போட்டேன். 'பெருமதிப்பிற்குரிய மன்றத்தாருக்கு வணக்கம்' என்று ஆரம்பித்து, குவரி முழுவதையும் அப்படியே எழுதி, 'ஆகவே சமூகம் அவர்கள் கருணை கூர்ந்து ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன், நன்றி, இப்படிக்குத் தங்கள் கீழ்ப்படிந்துள்ள' என்று முடித்தேன். கம்ப்யூட்டர் திரையை செல்போனில் படம் பிடித்து, 'இணைப்பு-1' என்று சேர்த்தேன்.

பதில் உடனே வந்தது. 'வணக்கம் நீக்கப்பட்டது. நன்றி நீக்கப்பட்டது. மன்றத்தில் நன்றிக்கு இடமில்லை. படங்கள் ஏற்கப்படா. மேலும், படத்தின் இடப்பக்கம் காணப்படும் டீ டம்ளர் கேள்விக்குத் தொடர்பற்றது. நீளம் அதிகம், சுருக்கவும்.'

சுருக்கினேன். குவரியில் கடைசியாக இருந்த ஏழெட்டு வரிகள் எனக்குப் புரியவில்லை. புரியாதது முக்கியமாக இருக்காது என்று அவற்றை வெட்டினேன். 'போதிய விவரம் இல்லை' என்று மூடினார்கள். திரும்ப நீட்டினேன். 'நீளம் அதிகம்.' இப்படியே மத்தியானச் சாப்பாட்டுக்குள் ஒன்பது தடவை நீட்டி, ஒன்பது தடவை சுருக்கினேன்.

நடுவில் ஒரு குறிப்பு: 'பிழைச் செய்தி எங்கே?'

'பிழைச் செய்தி எதுவும் வரவில்லை, ஐயா. பூஜ்யம்தான் வருகிறது.'

'பிழைச் செய்தி இல்லாதபோது பிழை என்று எவ்வாறு அறிந்தீர்?'

'சம்பந்தப்பட்ட ஆள் என் ஜன்னலுக்கு வெளியே நிற்கிறாள்.'

'ஆள் நிற்பது சான்று ஆகாது. எழுத்து வடிவில் தரவும்.'

கன்னியம்மாவை எழுத்து வடிவில் எப்படித் தருவது என்று யோசித்துக்கொண்டே அன்றைய பொழுது போய்விட்டது.

புதன்கிழமை மாதிரித் தரவு கேட்டார்கள். கையேட்டின் பத்தொன்பதாம் விதிப்படி உண்மையான ஆட்களின் பெயரைப் போடக் கூடாது. இருபதாம் விதிப்படி தரவு சுத்தமாக, சிறியதாக, பார்த்ததும் புரிகிற மாதிரி இருக்க வேண்டும். சரி, ஊரார் பதிவு எதற்கு, நம்முடையதையே கொடுப்போம் என்று என்னுடைய பத்து நாள் பதிவையே எடுத்தேன். காலை எட்டரைக்கு உள்ளே, மாலை ஐந்தரைக்கு வெளியே. மூன்று வருஷமாக ஒரு நாள்கூட மாறியதில்லை. பெயரை மட்டும் 'ஊழியர் அ' என்று மாற்றி அனுப்பினேன். முதல் முறையாக மன்றத்திலிருந்து, 'தரவின் தூய்மை பாராட்டத்தக்கது' என்று வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை, குப்புராஜையே கூப்பிட்டுக் காட்டினேன்.

ஒரு மணி நேரம் கழித்துத் தீர்ப்பு வந்தது. 'தாங்கள் தந்த மாதிரித் தரவில் தங்கள் குவரியை இயக்கினோம். பத்து நாளும் சரியாக வருகின்றன. பிரச்சினை மீண்டும் உருவாகவில்லை. ஆகவே பிரச்சினை இல்லை. கேள்வி மூடப்படுகிறது.'

குப்புராஜ் அதைப் பிரின்ட் எடுத்து, தேதி போட்டு, ஃபைலில் வைத்துக்கொண்டார்.

"எக்ஸ்பர்ட்டே சொல்ட்டாம் பாரு. சிஸ்டம் கரெக்டு. அந்த முப்பத்தோரு பேரும் வர்ல."

"சார், அந்தக் கன்னியம்மா தெனமும் வருது சார். என் கண்ணால பாக்கறேன்."

"உன் கண்ணு எக்ஸ்பர்ட்டாய்யா?"

எனக்கு அப்போது வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஆனால் அவரைக் கூப்பிட்டு மன்றத்தைக் காட்டியவன் நான்தானே!

வியாழக்கிழமை கேள்வியை வேறு மாதிரி எழுதிப் போட்டேன். 'இதே கேள்வி ஏற்கெனவே கேட்கப்பட்டுள்ளது' என்று மூடி, ஒரு இணைப்பைக் கொடுத்தார்கள். ஆவலாகத் திறந்தேன். அதுவும், 'ஏற்கெனவே கேட்கப்பட்டுள்ளது' என்று மூடப்பட்டிருந்தது, அதிலும் ஒரு இணைப்பு. அதைத் திறந்தால் இன்னொன்று. ஆறாவது இணைப்பைத் திறந்தேன், திங்கட்கிழமை நான் போட்ட கேள்வி வந்து நின்றது. 'அட்டெண்டன்ஸ் வரலை. அவசரம். ஹெல்ப் பண்ணுங்க.' பழைய சிநேகிதனைப் பார்த்த மாதிரி இருந்தது.

மேல்முறையீடு செய்தேன். 'விவரப் போதாமை மறு ஆய்வுக் குழு, வெள்ளி காலை ஆறு மணிக்குக் காணொளியில் கூடும்' என்று பதில் வந்தது. தலைவர் அமெரிக்காவில் இருக்கிறார், அவருக்கு அது சாப்பாட்டுக்குப் பிந்திய நேரமாம்.

வெள்ளிக்கிழமை ஐந்தே முக்காலுக்கே ஆபீசைத் திறந்து உட்கார்ந்தேன். திரையில் மூன்று பேர் வந்தார்கள். தலைவரை மன்றத்தில் எல்லாரும் 'அட்டவணைச் செம்மல்' என்றே அழைக்கிறார்கள், அப்பா அம்மா வைத்த பெயர் தெரியாது. மன்றத்தில் உறுப்பினர்களுக்கு மதிப்பெண் மாதிரிக் கொடுக்கிற புள்ளிகள் எண்பத்து நான்காயிரம் வைத்திருக்கிறார். அவருக்கு வலப்பக்கம் கேள்விக்காவலர்-7. இடப்பக்கம் ஒருவர் கேமராவை அணைத்து வைத்திருந்தார், கடைசிவரை அவர் யார் என்றே தெரியவில்லை.

அட்டவணைச் செம்மல் தொண்டையைச் செருமிக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

"அரசப்பன் அவர்களே, இம்மன்றம் எளிதில் உருவானதன்று. சென்ற ஆண்டு மட்டும் பதினோராயிரத்து நானூறு கேள்விகள் எம்மிடம் வந்தன. அவற்றுள் பதினோராயிரத்து முந்நூற்றுத் தொண்ணூற்றாறை உரிய நேரத்தில் மூடினோம். எஞ்சிய நான்கு, குழுவினராகிய நாங்களே கேட்டவை. அவற்றுக்கு மிகச் சிறந்த பதில்களை நாங்களே அளித்தோம். ஆண்டு முழுவதும் இம்மன்றத்தில் ஒரு தவறான பதில்கூடத் தரப்படவில்லை என்பதைப் பெருமையோடு கூறுவேன். வேறெந்த மன்றத்தால் இதைச் சொல்ல இயலும்? பதில் தருவது யாராலும் ஆகும். கேள்வியின் தரத்தைக் காப்பதற்குத்தான் ஆள் வேண்டும். கேள்விகளே வராத ஒரு நாளை எண்ணித்தான் நாங்கள் இரவு பகலாக உழைக்கிறோம்."

கேள்விக்காவலர்-7 கைதட்டினார்.

"ஐயா, நாளைக்குப் பன்னிரண்டு மணிக்குள் லிஸ்ட் போக வேண்டும். முப்பத்தோரு பேருடைய வேலை" என்றேன்.

"வேலை என்பது தரவுத்தளம் சார்ந்த செய்தி அன்று. பதிவிலிருந்து நீக்கவும்" என்றார் அவர். கேள்விக்காவலர்-7 நீக்கினார்.

அந்த நேரம் பார்த்து ஷிப்ட் விட்டது. கன்னியம்மா தலையில் போட்டிருந்த வலைத் தொப்பியைக் கழற்றிக்கொண்டே வழக்கம்போல என் ஜன்னலுக்கு வந்தாள். கூட்டம் கூட்டமாக ஆட்கள் விரல் வைத்துவிட்டு ஆறரை மணி பஸ்ஸுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"இன்னாண்ணே, இவுங்கதான் கம்ப்யூட்டர் டாக்டருங்களா?" என்று கேட்டுவிட்டு, ஜன்னல் வழியாகத் தலையை உள்ளே நீட்டினாள். "சார், ஒண்ணு கேக்கறேன். விட்டுப்போன முப்பத்தோரு பேரும் நாங்க வருஷம் பூரா நைட்டு ஆளுங்க. பகல்ல வர்ற ஒரு ஆளுக்குக்கூட விட்டுப்போவல. அது ஏன் சார்?"

ஐந்து நாளாக நான் வெர்ஷன் சொன்னேன், அட்டவணை அமைப்பு சொன்னேன், கம்பெனி விலாசம்கூடச் சொன்னேன். அவர்கள் எல்லாம் நைட் ஷிப்ட் என்பதைச் சொல்லவில்லை. கேட்கவும் யாரும் கேட்கவில்லை. ஷிப்ட் முடிந்தும் வீட்டுக்குப் போகாமல், நான் எட்டரைக்கு வரும்வரை இந்த வாரம் தினமும் என் ஜன்னலுக்கு வெளியே தூக்கக் கலக்கத்தோடு நிற்கிறவளைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லையே! நான் எட்டரைக்கு வந்து ஐந்தரைக்குப் போகிறவன். உலகமே அப்படித்தான் வந்து போகிறது என்று நினைத்துவிட்டேன் போலிருக்கிறது.

"இந்த அம்மையார் உறுப்பினரா?" என்று கேட்டார் அட்டவணைச் செம்மல்.

"இல்லை, தலைவரே. புள்ளி பூஜ்யம்" என்றார் கேள்விக்காவலர்-7.

"கருத்துரைக்க ஐம்பது புள்ளிகள் வேண்டும். அம்மையாரின் கூற்று பதிவிலிருந்து நீக்கப்படுகிறது."

"அங்கியும் ஜீரோதானா?" என்றாள் கன்னியம்மா. "பேஜாரா பூட்ச்சிண்ணே."

தலைவர் அடுத்த கூட்டத்தின் தேதியைப் படித்துக்கொண்டிருந்தார், நான் பாட்டுக்குக் குவரியைத் திறந்தேன். சுருக்குகிறேன் என்று மன்றத்துக்கு அனுப்பாமல் வெட்டிய அந்த ஏழெட்டு வரிகளை இப்போது நிதானமாகப் படித்தேன். நான்கு நாளாக அதை நீட்டிச் சுருக்கியதில் அதன் பாஷை கொஞ்சம் பிடிபட்டிருந்தது. அதில் கனடாக்காரப் பையன் இப்படி எழுதி வைத்திருந்தான்: ஒரே தேதியில் உள்ளே வந்த நேரத்தையும் வெளியே போன நேரத்தையும் எடு, கழி, மைனஸ் வந்தால் அந்த நாளைப் பூஜ்யமாகப் போடு. கன்னியம்மா இரவு பத்து மணிக்கு உள்ளே வருகிறாள், மறுநாள் காலை ஆறு மணிக்கு வெளியே போகிறாள். கம்ப்யூட்டர் ஒரு தேதியை மட்டும் பார்க்கும். அதன் கணக்கில் அவள் ஒவ்வொரு நாளும் காலை ஆறு மணிக்கு வெளியே போய்விட்டு, இரவு பத்து மணிக்கு உள்ளே வந்திருக்கிறாள். உள்ளே வருவதற்கு முன்பே வெளியே போனவள். தினமும் மைனஸ் பதினாறு மணி நேரம் வேலை செய்தவள்.

ஒரே ஒரு வரி சேர்த்தேன். மதியத்துக்கு முன்னால் வெளியே போயிருந்தால், அதை முந்தின நாள் கணக்கில் வை. நம்ம கம்பெனியில் பகல் ஷிப்ட் எதுவும் இரண்டு மணிக்கு முன்னால் விடுவதில்லை, அதனால் மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகாது. பட்டனை அமுக்கினேன்.

கன்னியம்மா, இருநூற்று எண்பத்தேழு நாள்.

அவளிடம் திரையைத் திருப்பிக் காட்டினேன். அவள் எண்ணைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது. "தோ, இதத்தாண்ணே நான் அன்னிக்கே சொன்னேன்" என்றாள். அதற்குள் ஆறரை மணி பஸ் போய்விட்டது.

ஒன்பது மணிக்கு குப்புராஜ் வந்தார். முப்பத்தோரு பேர் சேர்ந்த புது லிஸ்டைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"இன்னாய்யா இது? ராத்திரி ஜீரோவா இருந்தவங்க காலைல எப்டி முந்நூறுகிட்ட வருவாங்க? ஆடிட்ல கேட்டா இன்னா சொல்றது? பிரச்சினை இல்லன்னு எக்ஸ்பர்ட் குட்த்த லெட்டர் ஃபைல்ல கீது. அத்த அவங்களே மாத்திக் குட்த்தா நான் கையெழுத்துப் போடறேன்."

"அவங்க அடுத்த கூட்டம் ஆடி மாசத்துல சார்."

"அப்ப ஆடில பாத்துக்கலாம்."

கன்னியம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பன்னும் டீயும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எழுந்து உள்ளே வந்தாள்.

"சார், கம்ப்யூட்டர் சொல்றதுதான் கரெக்டுன்றீங்களா?"

"ஆமா. எக்ஸ்பர்ட் சொல்லிக்கிறான்."

"சரி சார். நாங்க முப்பத்தோரு பேரும் ஒரு நாளும் உள்ளயே வர்ல. அப்டித்தானே?"

"ரெக்கார்டு அப்டித்தாம்மா சொல்து."

"அப்ப இன்னிக்கு நைட்டும் வர்ல சார். ரெக்கார்டு மாறாது. ஆடி வரிக்கும் வர்ல. காலைல ஆறரைக்கு மூணு லாரி வருமே, அதுல ஏத்தற பெட்டிய போன வருஷம் பூரா யாரு பேக் பண்ணாங்களோ, அவுங்களையே வரச் சொல்லிக்கோங்க."

குப்புராஜ் சுவரில் மாட்டியிருந்த லாரி அட்டவணையைப் பார்த்தார். கர்சீப்பை எடுத்துப் பிடரியைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னாம்மா நீ... நைட் ஷிப்ட்னு மொதல்லியே சொல்றதுக்கின்னா? அரசப்பா, விவரத்த முழுசா சொல்லணும்யா! பேனாவக் குடு."

முப்பத்தோரு பெயருக்கும் கையெழுத்துப் போட்டார். லிஸ்ட் சனிக்கிழமை பதினொன்றே காலுக்குப் போனது. திங்கட்கிழமை காலை கன்னியம்மா கேட்டில் விரல் வைத்துவிட்டு வெளியே வரும்போது யாரும் அவளை நிறுத்தவில்லை.

நம்மை மாதிரி இன்னொருத்தன் அல்லாடக் கூடாது என்று அந்த ஒரு வரிப் பதிலை மன்றத்தில் போட்டேன். பழக்கதோஷத்தில் கடைசியில் 'நன்றி' என்றும் எழுதிவிட்டேன். பதிலையும் என்னையும் சேர்த்தே நீக்கினார்கள். அதற்கும் நான்கு விநாடிதான் ஆனது.

ஆனால் அந்த நான்கு விநாடியில் ஒருத்தன் என் பெயரைப் பார்த்துவிட்டிருக்கிறான். சோழவரம் பக்கம் ஒரு கம்பெனியில் டைம் ஆபீஸில் இருக்கிறானாம், பெயர் மணிகண்டன். எப்படியோ நம்பர் தேடிப் பிடித்து, மறுநாள் எனக்கு ஒரு மெசேஜ் அனுப்பினான்: 'சார், அட்டெண்டன்ஸ் வரலை. அவசரம். ஹெல்ப் பண்ணுங்க.'

வெர்ஷன் இல்லை, அட்டவணை இல்லை, மாதிரித் தரவு இல்லை. எனக்கே ஒரு நிமிஷம், 'போதிய விவரம் இல்லை' என்று தட்டக் கை துறுதுறுத்தது. பிறகு போன் போட்டேன்.

"தம்பி, விட்டுப்போனவங்க நைட் ஷிப்டா?"

அந்தப் பக்கம் தாள் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"ஆமா சார்! எப்டி சார் கரெக்டா கேட்டீங்க? நீங்க எக்ஸ்பர்ட்டா சார்?"

"சேச்சே, எனக்குப் புள்ளி பூஜ்யம்" என்றேன். "உன் ஜன்னலுக்கு வெளிய யாராவது நின்னுக்கினு இருப்பாங்க பாரு. மொதல்ல அவங்களை உள்ள கூப்பிட்டு உக்கார வை."